மரகதத்தின் ஆயிரத்து இருநூறு மீட்டர்

ஒன்றைப் பற்றி முழுவதும் படித்துவிட்ட ஒருத்தி, அதைப் பற்றி எதுவும் அறியாதவளாகவும் இருக்க முடியும். அதற்கு நானே சான்று. சாட்சிகள், என் தம்பி குமரனின் திருமணத்துக்கு வந்த முந்நூறு பேர்.

லிங்கித் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் திருமணம். மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். நான் வரலாற்று ஆசிரியை. 'படித்தவள்' என்பதால் குதிரையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. போர்டிக்சன் கடற்கரையில் குதிரைச் சவாரி நடத்தும் மாரி அண்ணன் ஒரு கிழட்டுக் குதிரையைக் காட்டினார்.

"இத எடுங்க டீச்சர். பட்டாசு வெடிச்சாலும் அசையாது."

அதற்குப் பின்னால் மரகதம் நின்றாள். பழுப்பு மேனி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. (நான் மயங்கிய இடம் இதுதான்.)

"அது பழைய ரேஸ் குதிர லா. வேணாம்."

ஒரு வாரம் அவளைப் பற்றிய பழைய செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். ஓடிய முதல் ஆறு பந்தயங்களிலும் வெற்றி. அனைத்தும் ஆயிரத்து இருநூறு மீட்டர். பந்தயம் தொடங்கும் கூண்டின் கதவு திறந்த கணமே மற்ற குதிரைகளை முந்திவிடுவாள் என்று எல்லாச் செய்திகளிலும் இருந்தது. ஒருமுறை தூரத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறைத் தாண்டியதும், கடமை முடிந்தது என்பதுபோல் நடக்கத் தொடங்கிவிட்டாளாம். அதை நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன்.

மூன்று முறை போய்க் கெஞ்சிய பிறகு மாரி அண்ணன் இணங்கினார். "உங்க பொறுப்பு, டீச்சர்" என்றார்.

திருமணத்தன்று குதிரைமேல் ஏறிய குமரன் குனிந்து கேட்டான்:

"அக்கா, இது ஒன்னும் பண்ணாதுதானே?"

"சாம்பியன்டா. நான் முழுசா படிச்சிட்டேன்."

சீன நண்பர்களின் திருமணங்களைப் பார்த்து எங்கள் பக்கத்திலும் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. பெண்வீட்டு இளையவர்கள் கேட்டை மூடிக்கொண்டு, மாப்பிள்ளையை ஒரு பாட்டுப் பாட வைத்த பிறகே திறப்பார்கள். குமரன் பாடினான். மூடிய இரும்புக் கேட்டின் முன் மரகதம் அசையாமல் நின்றாள். காதுகள் மட்டும் முன்னே நீண்டிருந்தன.

"எவ்வளவு அடக்கம் பாருங்கம்மா" என்றேன். கயிற்றைப் பிடித்திருந்த மாரி அண்ணனைப் புகைப்படத்துக்காக விலகி நிற்கச் சொன்னவளும் நானே. முகூர்த்தம் முடிய நாற்பது நிமிடம் இருந்தது.

கேட் தடாலெனத் திறந்தது.

அவள் ஏழாவது வெற்றிக்குப் புறப்பட்டாள். மச்சான்மார் இருபுறமும் பாய்ந்தனர். மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு, பின்வழியாக எண்ணெய்ப் பழம் தரும் செம்பனைக் காட்டுக்குள் போன செம்மண் பாதையில் குமரனின் "அக்கா...!" தேய்ந்து மறைந்தது. தலைப்பாகை மட்டும் தரையில் கிடந்தது.

மணப்பெண் கவிதா, மாலையும் கையுமாய் வாசலுக்கு வந்தாள். "அண்ணி, அவரு எங்க போறாரு?"

அப்போதுதான் என் படிப்பு முதன்முறையாகப் பயன்பட்டது.

"ஆயிரத்து இருநூறு மீட்டர் தள்ளி நிப்பாரு. நீ உள்ள போய் உக்காரும்மா."

மாரி அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டேன். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனதும், பழக்குலைகளை அடுக்கும் மேடையருகே மரகதம் புல் மேய்ந்துகொண்டிருந்தாள். குமரன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அவன் மாலையில் நார்தான் மிச்சம்.

"நின்னுருச்சாக்கா?"

"நின்னாச்சு. ஜெயிச்சிட்டா. எறங்கு."

மாரி அண்ணனைக் குதிரையிடம் விட்டுவிட்டு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மோட்டாரை நானே ஓட்டினேன். மாப்பிள்ளை பின்னால். மண்டபத்துக் கேட் அகலத் திறந்திருந்தது. அதை மூடும் துணிவு எவருக்கும் இல்லை. முகூர்த்தம் முடிய ஏழு நிமிடம் இருக்கையில் தாலி ஏறியது.

சென்ற மாதம் அவர்களுக்கு மகள் பிறந்தாள். குழந்தை வளர்ப்பு பற்றிய நூல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். குமரன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"முழுசா படிச்சிட்டியாக்கா?"

"படிச்சிட்டேன்டா."

அவன் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்:

"கவிதா, பிள்ளையக் கெட்டியாப் பிடிச்சுக்க!"