மூன்று தலைப்புகளில் ஒரு நர்சிங் ஹோம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். சோபாவில், வாசலுக்குப் பக்கத்து ஓரமாக, சம்பந்தி பாலசுப்ரமணியன். கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கி இரண்டு மணி நேரமாகியும் மடியிலிருந்த பையை இறக்கவில்லை. அவருக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் சுந்தரராமன், மின்வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேஜையருகே அவர் மகன் நிர்மல். திவானில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, எட்டு மாத வயிற்றுடன் மருமகள் கிரிஜா. சுந்தரராமனின் மனைவி ராஜி உட்காரவில்லை. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. ஆனால் கிரிஜாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, ரயிலும் கூடாது, காரும் கூடாது என்று நிர்மலின் கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, கோயமுத்தூர்ல நான் பார்த்து வெச்ச ஆஸ்பத்திரில டாக்டரம்மாவுல இருந்து கூட்டறவங்க வரைக்கும் எனக்குப் பழக்கம். இந்தப் புனேவுல நல்ல நர்சிங் ஹோம் எதுன்னு யாருக்குங்க தெரியும்?" என்றார் பாலசுப்ரமணியன்.

"விசாரிச்சாத் தெரிஞ்சுட்டுப் போகுதுங்க," என்றார் சுந்தரராமன்.

"விசாரிச்சுப் போன்ல சொன்னா காத்தோட போயிரும். எனக்கு எழுத்துல வேணும். தரம் எப்படி, செலவு எவ்வளவு, பாதுகாப்பு உண்டா இல்லையா. மூணும் திருப்தியா இருந்தா உங்க சம்பந்தியம்மாவைக் கூட்டிட்டு நானே இங்க வந்தர்றேன். இல்லீன்னா அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கார் எடுத்துட்டு வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். டாக்டர் சொன்னாலும் சரி, கவர்னர் சொன்னாலும் சரி."

'எழுத்து' என்ற சொல் விழுந்ததும் சுந்தரராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாராபுரம் பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை தவறாமல் கடிதம் எழுதப் பழகியவர். முப்பத்துநாலு வருடச் சர்வீஸில் அவர் குறிப்பெழுதாமல் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்கூட எரிந்ததில்லை.

சம்பந்தி ரயிலேறியதும் கிரிஜா சொன்னாள்: "மாமா, என் பிரசவம் உங்க பேனாவுலதானுங்க இருக்கு."

திங்கட்கிழமை காலை முதல் நர்சிங் ஹோமுக்கு நோட்டோடு போனார். கட்டடம் கட்டிய வருடம், தீயணைப்பு உருளைகள் எத்தனை, கடைசியாக எப்போது நிரப்பினார்கள், போன வருடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று வரிசையாக ஆங்கிலத்தில் கேட்டார். மேனேஜர் வந்தார்.

"நீங்கள் முனிசிபாலிட்டியா, இன்கம்டாக்ஸா?"

இல்லை, சம்பந்தி என்று சொல்ல நினைத்தார். அதற்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. மூன்றாவது நிமிடம் தெருவில் இருந்தார்.

மாலையில் இரண்டாவது இடத்துக்கு நோட்டில்லாமல் போனார். சந்தேகம் வரக்கூடாதென்று தனக்குத்தான் உடம்பு சரியில்லை என்றார். படுக்க வைத்து, ஒயர் மாட்டி, ரத்தம் எடுத்தார்கள். வீடு திரும்பும்போது கையில் ஓர் அறிக்கை இருந்தது. அது அவரைப் பற்றியது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது.

"அப்பா, நீங்க கேள்வியே கேக்காதீங்க," என்றான் நிர்மல். "நாளைக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு நர்சிங் ஹோம்ல கிரிஜாவுக்கு செக்கப். கூடப் போங்க. மராத்தியில யாரு என்ன கேட்டாலும் 'ஹோ'ன்னு சொல்லிருங்க."

"ஹோவா?"

"ஆமான்னு அர்த்தம். சொல்லிட்டுச் சும்மா நின்னு பாருங்க."

மூன்றாவது நர்சிங் ஹோம் கசார்வாடி சந்துக்குள் மூன்று மாடியாக நின்றது. வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சீட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சுந்தரராமன் மனதுக்குள் பாதுகாப்பு என்ற தலைப்பில் ஒரு மதிப்பெண் போட்டார்.

"மாமா, இந்த ஃபைலைக் கொஞ்சம் புடிங்க," என்றாள் கிரிஜா. "மாமா, அந்தக் கதவைத் தள்ளுங்க. மாமா, நான் உள்ள போய்ட்டு வர்றேன், இங்கயே நில்லுங்க."

வரவேற்பு மேஜைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா," என்றாள் அவளும்.

சுந்தரராமனுக்குச் சிலிர்த்தது. மருமகள் கூப்பிட்டதை ஒருமுறை கேட்டதுமே உறவைப் பிடித்துக்கொண்டாளே! தாராபுரத்து ஆஸ்பத்திரியில் 'யோவ்' என்பார்கள்.

"தும்ஹி நவீன் கா?" என்று கேட்டாள்.

நவீன வசதிகளைப் பார்க்க வந்தீர்களா என்று கேட்கிறாள். அவருக்கு அந்த அளவுக்கு மராத்தி புரிந்தது.

"ஹோ," என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. மணியடித்தாள். மாடியிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி வந்தாள்.

"நீங்க தமிழா மாமா? அரே வா! என் பேரு எஸ்தர். பொறந்ததே இங்க பக்கத்துல தாபோடிதான். நல்ல வேளை, எனக்கும் பேச ஆள் ஆச்சு. வாங்க, எல்லாம் காட்டிடறேன்."

"என் மருமகள் உள்ள இருக்கா..."

"ஆகட்டும், முடிஞ்சதும் அவங்கள ஆட்டோ வரைக்கும் விட்டுட்டு வந்துடுங்க."

எவ்வளவு கரிசனம்! கிரிஜாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "நீ போம்மா, எனக்கு ஆய்வு இருக்குது," என்று திரும்பி வந்தார். வாட்ச்மேன் இந்த முறை சீட்டுக் கேட்கவில்லை. கையைத் தூக்கி, "காய் மாமா!" என்று குசலம் விசாரித்தான்.

எஸ்தர் ஓர் இடம் விடவில்லை. பிரசவ அறை, ஆக்ஸிஜன் உருளைகள், ஜெனரேட்டர், அழுக்குத் துணிக் கூடை வரை காட்டினாள்.

"நல்லா மனசுல வச்சுக்கோங்க மாமா. நாளைக்கு யாராச்சும் கேட்டாச் சொல்லணும்ல?"

"அதுக்குத்தானேம்மா வந்திருக்கேன்."

"போன தடவை வந்தவரு ரெண்டே நாள்ல போயிட்டாரு. நீங்களாச்சும் இருப்பீங்களா?"

தனக்கு முன்னால் வேறு யாரோ ஒரு சம்பந்தி வந்து அரைகுறையாக ஆய்வு செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று புரிந்தது. "முழுசாப் பாக்காம நான் நகர மாட்டேன்," என்றார்.

"அரே வா! இந்த நீலக் கோட்டைப் போட்டுக்கோங்க. இன்ஃபெக்ஷன் ஆகக் கூடாது."

தரம் என்ற தலைப்பின் கீழ், 'பார்வையாளருக்கும் கோட்டு' என்று குறித்துக்கொண்டார்.

"அரே, பேனா எல்லாம் வச்சிருக்கீங்க. படிச்சிருக்கீங்களா மாமா?"

"அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி."

"அப்ப ஃபைலெல்லாம் நீங்களே மேல கீழ கொண்டு போகலாம்! ஜல்தி, இந்த ஸ்ட்ரெச்சருக்கு ஒரு கை குடுங்க."

செவ்வாய் மாலை ஆறு வரை அங்கேயே இருந்தார். மறுநாள் காலை ஏழரைக்கே போய் மாலை ஆறுக்கு வீடு திரும்பினார். புதன்கிழமை கிரிஜா மூக்கைச் சுருக்கினாள்.

"மாமா, உங்க மேல ஏனுங்க ஃபினாயில் வாசம் அடிக்குது?"

"சுத்தம் பண்றாங்கன்னு அர்த்தம். எழுதிட்டேன்."

"ஸ்ட்ரெச்சர் தள்ளுனீங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க."

"தள்ளிப் பாக்காம சக்கரம் சரியா இருக்குதுன்னு எப்படி எழுதறது? நாப்பத்தோரு தடவை தள்ளினேன். பின்னால இடது சக்கரம் லேசா இழுக்குது."

ராஜி தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: "கட்டிட்டு வந்த நாளா வீட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வெச்சதில்ல. அங்க போயி அரிசி மூட்டையாட்டம் ஆளுகளத் தூக்கறாராம்."

"அது ஆய்வுடி."

"அந்த ஆய்வை அடுப்படியிலயும் பண்ணுங்க."

அப்போது போன் அடித்தது. பாலசுப்ரமணியன்.

"கடுதாசி இன்னும் வரலீங்களே சம்பந்தி. காருக்குச் சொல்லி வெச்சுட்டேன். திங்கக்கிழமைக்குள்ள கைக்கு வரலீன்னா சொன்ன வெள்ளிக்கு வண்டி அங்க வந்துரும்."

போனை வைத்தபோது கிரிஜாவின் முகம் வெளுத்திருந்தது. அன்று அழுத்தம் பார்த்ததில் இன்னும் பத்து ஏறியிருந்தது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் காரில் போகிற உடம்பில்லை அது.

"நாளைக்கே எழுதி அனுப்பிடறேன் சாமி," என்றார் சுந்தரராமன் அவளிடம். "செலவும் பாதுகாப்பும் மட்டும் பாக்கி."

வியாழக்கிழமை காலை எஸ்தரிடம் நேராகவே கேட்டார். "ஏம்மா, இங்க நம்ம வீட்டுப் புள்ளைக்குப் பிரசவம்னா எவ்வளவு ஆகும்?"

"உங்க வீட்டுலயா மாமா? நம்ம ஆளுங்க வீட்டுக்குன்னா பாதிதான். டாக்டர் அப்படித்தான் வாங்குவாரு."

சுந்தரராமனுக்குக் கண் கலங்கியது. மராட்டிய மண்ணில் தமிழனுக்குப் பாதிக் கட்டணம்!

"கூட இருக்கறவங்களுக்குச் சாப்பாடு?"

"மதியம் தினம் இங்கதானே சாப்பிடறீங்க? யாராச்சும் காசு கேட்டாங்களா?"

உண்மைதான். கேட்கவில்லை.

பாதுகாப்பை அன்றே சோதிக்க வாய்ப்புக் கிடைத்தது. எஸ்தர் ஒரு சாவியை அவர் கையில் வைத்தாள். "மாமா, ஒரு மணி நேரம் குழந்தைங்க ரூம் வாசல்ல உக்காருங்க. தெரியாத ஆள் யாரையும் உள்ள விடக் கூடாது."

அவர் விடவில்லை. பூங்கொத்தோடு வந்த இருவரைத் திருப்பினார். ஒரு குழந்தையின் அப்பனே வந்து கெஞ்சினான். அடையாளச் சீட்டு வீட்டிலிருக்கிறது என்றான். போய் எடுத்து வரச் சொன்னார். அவன் மராத்தியில் ஏதோ கத்தினான். "ஹோ, ஹோ," என்றார் பொறுமையாக.

சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் படிக்கட்டு முக்கில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து, அனுப்புநர் பெறுநர் போட்டு எழுதத் தொடங்கினார்.

'அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். தாங்கள் கேட்டபடி மூன்று தலைப்புகளிலும் மூன்று நாட்கள் நேரில் ஆய்வு செய்தேன்.

ஒன்று, தரம். இங்கே ஒளிவு மறைவு இல்லை. எல்லாக் கோப்புகளும் என் கை வழியாகவே போயின. ஊழியர்கள் நம்மை உறவுமுறை சொல்லி அழைக்கிறார்கள்.

இரண்டு, செலவு. நம்மவர்களுக்குப் பாதிக் கட்டணம். துணைக்கு இருப்பவருக்கு மதியச் சாப்பாடும் இருவேளைத் தேநீரும் இலவசம்.

மூன்று, பாதுகாப்பு. இதைப் பற்றித் தாங்கள் கவலையே பட வேண்டாம். முன்பின் தெரியாத ஆள் ஒருவர்கூட இந்தக் கட்டடத்துக்குள் நுழைய முடியாது. குழந்தைகள் அறையைப் பொறுத்தவரை இதை வாசலில் இருந்து நானே உறுதி செய்தேன். எனவே காரை நிறுத்திவிட்டு, சம்பந்தியம்மாவுடன் ரயிலேறவும்.'

ஒருமுறை படித்துப் பார்த்தார். பின்குறிப்பாக ஸ்ட்ரெச்சரின் இடது சக்கரத்தைச் சேர்த்தார். உண்மையை மறைத்துப் பழக்கமில்லை.

உறைக்கு வரவேற்பு மேஜையிலிருந்தே பசை கிடைத்தது. நீலக் கோட்டோடு சாலையைக் கடந்து தபால் நிலையம் போனார். ஸ்பீட் போஸ்ட் ஜன்னலில் உறையை எடை போட்டு, வில்லை ஒட்டி, முத்திரையை இரண்டு குத்துக் குத்தி, குமாஸ்தா கோணிப் பைக்குள் எறிந்தார். பையின் வாயைக் கட்டி வேனில் ஏற்றினார்கள். வேன் மும்பை ரோட்டில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற பிறகு இத்தனை நிறைவாக ஒரு கடிதம் போனதில்லை.

சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து எஸ்தர் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"மாமா, கேட்டுல ஒரு ஆளு நின்னு சண்டை போடறாரு, இங்க வார்டு பாய்னா மாமாதானே, புதுசா எடுத்த அந்த மாமா நான்தான்ங்கறாரு, அந்த மாமா மூணு நாளா உள்ள வேலை பாக்குறாருன்னு சொல்லி வாட்ச்மேன் தினமும் அவரைத் துரத்தி விட்டிருக்கான்... 'நவீன் கா', புது ஆளான்னு கேட்டதுக்கு 'ஹோ'ன்னீங்களாமே, அப்ப நீங்க யாரு?"