தோசைக்கல்லில் ஏறிய மின்சாரம்

'17 ஜூலை 1975, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். "யார் வீட்டு சுவிட்ச் போர்டுலயாவது மழை ஈரத்துல ஷாக் அடிக்குதா?" என்று வகுப்பில் மாஸ்டர் கேட்டார். கையைத் தூக்கிவிட்டேன்.'

எழுதி முடித்த பன்னீர்செல்வம், படித்துப் பார்த்துவிட்டு 'சிறு' என்பதை அடித்தான்.

முப்பது பேரில் உயர்ந்தது அவன் கை மட்டும்தான். வயர்மேன் தேர்வுக்குப் படிப்பவன் வீட்டிலேயே மின்கசிவு! சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் காளிகாட்டில் வகுப்பெடுக்கும் அருணாசலம் மாஸ்டர் அவனை உற்றுப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வரேன்" என்றார்.

வீடு பெஹாலாவில், அக்கா சகுந்தலாவுடையது. அவள் கணவர் ஏழுமலை மளிகைக் கடைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"பரீட்சை லிஸ்டுலேர்ந்து பேரை அடிச்சுடப் போறாரு மச்சான். அடிச்சா திங்கட்கிழமை நேரா கடைக்கு வந்துடு. புளி மூட்டை ஷாக் அடிக்காது."

வெள்ளிக்கிழமை மெயினை அணைத்து, அடுக்களைச் சுவரிலிருந்த மரப் போர்டின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, நாலு பக்கமும் ஒட்டினான். ஈரம் உள்ளே போகாது. மறுநாள் காலை பார்த்தால், உள்ளே இருந்த ஈரம் வெளியேயும் போகவில்லை. தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. மெயினைப் போட்டு சுவிட்சைத் தொட்டான். முழங்கை வரை உதறியது.

"முந்தாநாள் விரலோட நின்னுச்சேடா!" என்றாள் சகுந்தலா.

தாளைக் கிழித்துப் போட்டான். அடுத்து உப்பு. மழைக்காலத்தில் மாமா கடை உப்பு மூட்டை காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்வதை அவன் பார்த்திருக்கிறான். போர்டுக்குள் இரண்டு சின்னப் பை கல்லுப்பு வைத்தால்? வைத்தான். உப்பு இழுத்தது. சாயங்காலத்துக்குள் வயிறு முட்ட இழுத்துவிட்டு, உப்புத் தண்ணீராகச் சுவரில் வழிந்து, தோசைக்கல் மாட்டியிருந்த ஆணியைப் போய்த் தொட்டது.

"ஐயோ! தோசைக்கல் கடிக்குதுடா!"

பன்னீர்செல்வம் பாய்ந்து மெயினை அணைத்தான்.

"என்ன படிப்புடா இது? போர்டு மட்டும் அடிச்சிட்டிருந்துது. இப்ப தட்டுமுட்டு சாமானெல்லாம் அடிக்குது!"

ஏழுமலை வாசலோடு நின்றுவிட்டார். "நான் உள்ள வரலாமா, இல்ல இலையை இங்கயே போட்டுடறியா?"

ஞாயிறு விடிந்ததும் போர்டைத் திறந்து, உப்பைத் துடைத்தெடுத்தான். கரியடுப்பை ஸ்டூலில் ஏற்றி, போர்டுக்கு ஒரு முழம் கீழே வைத்து ஏழு மணி நேரம் விசிறினான். புகையைப் பார்த்த கீழ்வீட்டு வங்காளிப் பெண் தாரா பௌதி "ஆகுன்! ஆகுன்!" என்று தெருவையே கூட்டினாள். வீடு தீப்பிடிக்கவில்லை என்று அவளுக்குப் புரியவைக்க அரைமணி ஆயிற்று. அடுப்பு சுவருக்கு வேலை செய்ததால் ஏழுமலைக்கு மதியச் சாப்பாடு பொரியும் பச்சை மிளகாயும்.

சுவர் ரயில் எஞ்சின் மாதிரி கறுத்துப்போனது. ஆனால் காய்ந்துவிட்டது. மெயினைப் போட்டு, புறங்கையால் போர்டைத் தொட்டான். ஒன்றுமில்லை. ஆணியையும் தொட்டான். ஒன்றுமில்லை.

"அக்கா, நீ தொட்டுப் பாரு."

"உங்க மாமா தொடட்டும்."

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை நீட்டினார். "அட!"

நாலு மணிக்கு மாஸ்டர் வந்தார். மெயினை அணைத்து, சோதனைப் பெட்டியின் கம்பிகளை மாட்டி, கைப்பிடியைச் சுழற்றினார். கசிவே இல்லை என்று காட்டும் கடைசிக் கோடு வரை முள் போய் நின்றது. மறுபடி சுழற்றினார். மறுபடியும் அதே கோடு. அவர் முகம் வாடியது.

"எப்படிப்பா காஞ்சுது?"

பன்னீர்செல்வம் மூன்று நாள் கதையையும் ஒன்று விடாமல் சொன்னான்.

"தோசைக்கல்லுக்கே வந்துச்சா?" மாஸ்டரின் குரலில் ஓர் ஏக்கம்.

"வந்துச்சு சார். இனிமே வராது. பேரை மட்டும் அடிச்சுடாதீங்க சார்."

"பேரையா? எதுக்கு?" மாஸ்டர் பெட்டியை மூடினார். "பத்து வருஷமா கரும்பலகையில படம் போட்டுத்தான் கசிவு சொல்லித் தரேன். என் வீட்ல இருக்குன்னு ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான். நீதான்யா கையைத் தூக்கினே. நாளைக்குச் சாயங்காலம் மத்த இருபத்தொம்பது பேரையும் இங்க கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள சுவரை நனைச்சு வை."