ஒரே தட்டில் முடிப்பவர்

கணினியில் எழுதிப் பிழைப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. உங்களுக்கும் எனக்கும் திரையில் ஒரே ஒரு கோடுதான் கண்சிமிட்டும். எழுத்து விழும் இடம் அது, கர்சர் என்பார்கள். இவர்களுக்கு ஒன்று போதாது. வரிக்கு ஒன்றாக நட்டுவைத்து, ஒரே தட்டில் எல்லா வரியிலும் எழுத்து விழ வேண்டும். விழுந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று ஒரு நோட்டம் விடுவார்கள். யாரும் பார்க்கவில்லையா? அழித்துவிட்டு மறுபடி செய்வார்கள்.

நம்மவர் இந்த இனத்தில் முற்றிய ரகம். எடிட்டர் எனப்படும் எழுதும் மென்பொருள் புதிதாக ஒன்று கைக்கு வந்தால் அன்று வேலையைத் தொடமாட்டார், சோதனைதான். திரை நெடுக 'யானை' என்று இறக்கி, ஒவ்வொரு யானைக்கும் ஒரு கர்சர் வைத்து, ஒரே தட்டில் பூனையாக்குவார். யானை பூனையாகும், பூனை யானையாகும். வேலை மட்டும் ஆகாது. கையாலேயே ஒவ்வொன்றாக மாற்றினால் இதற்குள் முடிந்திருக்குமே என்று கேட்டுவிடாதீர்கள். "ஒவ்வொன்னாவா?" என்பார், பல் தேய்க்காதவரைப் பார்ப்பதுபோல.

அவருடைய அப்பா இறந்தார். அதற்கு எந்தச் சோதனையும் கிடையாது.

சில வாரம் கழித்து, அப்பாவுக்கு வேண்டியவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைப்பது என்று அம்மா முடிவு செய்தார். ஆளுக்கொரு வரி அம்மா சொல்லச் சொல்ல, நம்மவர் தட்டினார். அத்தையின் முறை வந்தது. அப்பாவின் ஒரே அக்கா. ஒரு கல்யாணப் பேச்சில் முறைத்துக்கொண்டு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, சாவுக்கும் வரவில்லை.

"அக்கா மேல எனக்குக் கோபமே இல்லன்னு சொல்லிடுன்னார்டா, ஆஸ்பத்திரில. இதை மட்டும் நீ போன் பண்ணிச் சொல்லு."

"எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவைல அனுப்பிடறேம்மா."

"உன் அத்தை என்ன, எல்லாருமா?"

அந்த வரியை வாய்விட்டுச் சொல்ல நம்மவருக்குத் தைரியம் இல்லை. தட்டுவதற்கு இருந்தது.

இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் வரிகள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கர்சர். வரிகளை மொத்தமாக நகலெடுத்து ஒட்டினால் அவரவர் வரி அவரவர் பெயரில் போய் உட்காரும். ஆனால் இந்த இனம் சோதிக்காமல் எதைச் செய்திருக்கிறது? பெயர்களை மட்டும் அகரவரிசையில் அடுக்கினால் கர்சர்கள் கலையாமல் நிற்குமா என்று பார்க்கலாமே என்று தோன்றியது. அடுக்கினார். நின்றன. "அட்டகாசம்!" என்று தானே சொல்லிக்கொண்டார். அந்த மகிழ்ச்சியில் பெயர்களைப் பழைய வரிசைக்குத் திருப்ப மறந்து, வரிகளை ஒட்டி, அனுப்பியும் விட்டார்.

முதலில் போன் செய்தவர் குழாய்க்காரர். குரல் தழுதழுத்தது.

"சார், உங்கப்பா கடைசில என்னையா நெனச்சாரு? கோபமே இல்லன்னு போட்டிருக்கு. அந்தச் சமையலறைக் குழாய் விஷயத்துல என்னைப் பேசாத பேச்சில்ல. ஆனா எதுக்கு சார் என்னை அக்கான்னாரு?"

அடுத்து பல் டாக்டர்: உங்களைத் தூக்கி வளர்த்ததற்கு நன்றி சொல்லியிருக்கிறீர்களே, எனக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது என்றார். மாமாவுக்குப் பல்செட்டைப் பற்றிய நன்றி போயிருந்தது. "என் பல்லெல்லாம் சொந்தப் பல்லுடா" என்று அவர் கத்தியது அடுத்த அறைக்குக் கேட்டது.

அம்மா சிரித்தார். சாவு வீட்டில் முதல் சிரிப்பு. பிறகு சட்டென்று நிறுத்தி, "அத்தைக்கு என்னடா போச்சு?" என்றார்.

நம்மவர் பார்த்தார். 'நீங்க மாட்டினது இன்னும் ஒழுகுது. இருந்தாலும் வாங்க.'

இதைத் திருத்த எந்தக் கர்சரை எங்கே வைப்பது? போனை எடுத்தார்.

"யாரு?"

"நான்தான் அத்தை."

"எத்தனை வருஷம் கழிச்சுப் பேசறீங்க, அதுலயும் குத்தமா? நான் உங்க வீட்டுல என்னத்தடா மாட்டினேன்?"

"அது குழாய்க்காரருக்கு அத்தை. மாறிப்போச்சு."

"அப்ப எனக்கு என்ன எழுதினே?"

"நான் எழுதல. அப்பா சொன்னது."

மறுமுனையில் டி.வி.யை அணைக்கும் சத்தம்.

"சொல்லு. என்ன சொன்னான்?"

சொல்ல வாயெடுத்தார், முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி உடைந்தது. அத்தை அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது தடவை முழுசாக வந்தது. அத்தை, "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குடா?" என்றார்.

சிரித்தீர்கள், நல்லது. ஆனால் கடைசியாக உங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்தபோது, எத்தனை பேருக்கு வாய்விட்டுச் சொன்னீர்கள், எத்தனை பேரைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் முடித்தீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அதற்குள் இதை யார் யாருக்கெல்லாம் அனுப்பலாம் என்று உங்கள் விரல் பெயர்களைத் தொட ஆரம்பித்திருந்தால், வாருங்கள்: இனத்தில் இன்னும் இடம் இருக்கிறது.