பதினேழாவது வசவு

கோவில்பட்டி,
9.6.2003, திங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

என் சித்தி வெயிலம்மாளின் வேலையைப் பறித்தது நீங்கள்தான். இன்னும் போகவில்லை, வெள்ளிக்கிழமை போய்விடும். இதை முதலில் சொல்லிவிட்டு மரியாதைக்காக விசாரிக்கிறேன்: தாங்களும் தங்கள் வீட்டாரும் பத்திரிகையும் சுகம்தானே? இங்கே சுகமில்லை.

ஏப்ரல் இதழில் வட இங்கிலாந்தின் பழைய வசவுகளைப் பற்றி ஒரு கட்டுரை போட்டீர்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றபடியே வாசித்துச் சிரித்தேன். கடைக்காரர் முறைத்ததால் வாங்கவும் செய்தேன். கால் வில்லாக வளைந்தவனை, 'சந்துக்குள் வரும் பன்றியை மறிக்க முடியாதவன்' என்கிறார்களாம். வெட்டியாக இருப்பவனை, 'வேலைக்கும் ஆகான், அலங்காரத்துக்கும் ஆகான்' என்கிறார்களாம். அட, இவர்களும் நம்ம ஆட்கள்தான், கோட்டு மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றுதான் இடித்தது. உம்மென்று இருப்பவளை, 'மழை பிடித்த லீவு நாள் மாதிரி மூஞ்சி' என்று வைவார்களாம். எங்கள் சொந்த ஊர் நாகலாபுரம் பக்கம் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் மறுவாரமே அவள் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள் வந்துவிடும். மழையின் மூஞ்சியை நாங்கள் பார்த்து எத்தனையோ மாதமாகிறது.

அந்தக் கட்டுரையின் அடியில், 'உங்கள் ஊர் வசவுகளை, யார், யாரைச் சொன்னது என்ற விவரத்தோடு அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பினேன். எங்கள் ஊரில் வசவைப் பெயரோடுதான் சொல்வார்கள். 'வெயிலம்மா சொன்ன மாதிரி' என்று தொடங்காவிட்டால் திருட்டுச் சரக்கு என்று சிரிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் எழுதினேன். கருவேல நிழலில் பந்தி வைத்த கஞ்சனுக்கு ஒரு பெயர். ஈரக் கரிசலில் செருப்பு போட்டு நடந்தவன் மாதிரி, அடிக்கு அடி கனம் ஏறி, ஊர் மட்டும் வராத பேச்சுக்காரனுக்கு ஒரு பெயர். பதினேழாவதில் மட்டும், 'பெயர் வேண்டாம்' என்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதினேன். நீங்கள் இந்த மாத இதழில் அடைப்புக்குறியையும் சேர்த்து அச்சடித்திருக்கிறீர்கள்.

'உரசுன குச்சிய ஊதி அணைச்சு, திரும்பப் பெட்டிக்குள்ள வைக்கிற கை. சொன்னவர்: வெயிலம்மாள். சொல்லப்பட்டவர்: அவருடைய தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கண்ணுசாமி அண்ணாச்சி (பெயர் வேண்டாம்).'

சரி, முந்நூறு பிரதி அடிக்கிற பத்திரிகையைத் தீப்பெட்டி முதலாளி எங்கே படிக்கப் போகிறார் என்று கேட்பீர்கள். நீங்களேதான் அவருக்கு அனுப்பி வைத்தீர்கள். நானும் சித்தியும் குடியிருப்பது ஆபீஸ் (தீப்பெட்டிக் கம்பெனியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கட்டிவிட்ட லைன் வீடு. எங்களுக்குக் கதவு எண் கிடையாது. வருகிற கடிதமெல்லாம் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வரும், கணக்கப்பிள்ளை ராமசுப்பு பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சாவு, யார் வேறு ஆபீசுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இதைக் கேட்க இந்த நாட்டில் ஒரு நாதியும் கிடையாது. நீங்களோ இதழை புக் போஸ்டில், இரண்டு பக்கமும் திறந்துவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். பிரிக்கிற சிரமம்கூட அவருக்கு இல்லை.

சனிக்கிழமை காலை அண்ணாச்சி ஆபீசுக்குள் வந்தார். வழக்கமாக வாசலிலேயே, "ஏட்டி, அங்கன என்ன பேச்சு? கை ஓடுதா, வாய் ஓடுதா?" என்றுதான் நுழைவார். அன்றைக்குச் சத்தமே இல்லை. நேராகச் சித்தியிடம் வந்து, "வாங்க வெயிலம்மா, நல்லா இருக்கீயளா?" என்றிருக்கிறார். அதோடு விட்டாரா? நாற்காலி கொண்டுவரச் சொல்லிச் சித்தியை உட்கார வைத்திருக்கிறார். தரையைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைத்தறியாத சித்தி, நாற்காலி நுனியில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த முத்துசெல்வி என்னிடம் சொன்னாள்: "யோகு, ஆட்டுக்கு மாலையப் போட்டு மஞ்சத் தண்ணி தெளிக்க மாதிரி இருந்துச்சு."

பிறகு அண்ணாச்சி இதழை முத்துசெல்வி கையில் கொடுத்து, "நீ எட்டாப்பு படிச்சவல்லா, பதினேழாவத வாசி" என்றிருக்கிறார். வாசித்திருக்கிறாள். அடைப்புக்குறியையும் விடவில்லையாம். மூலையில் யாரோ ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, அதை இருமலாக்கப் பார்த்து, இருமல் நிஜமாகவே பிடித்துக்கொண்டு, வெளியே ஓடியிருக்கிறாள். அண்ணாச்சி கோபப்படவில்லை. "வாற வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுட்டு இதப் பத்திப் பேசுவோம், என்ன வெயிலம்மா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் லைன் வீடும் போகும். இங்கே ஒரு ஆபீசில் விரட்டினவளை இன்னொரு ஆபீசில் சேர்க்க மாட்டார்கள். முதலாளிமாருக்குள் வேறெதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் இதில் உண்டு. நேற்று எட்டயபுரம் ரோட்டில் ஆபீஸ் வேன் எதிரே வந்தது. பாய்ந்து கருவேலமுள்ளுக்குள் ஒளிந்தேன். வேன் சரியாக அங்கேயே வந்து நின்றது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். டிரைவர் இறங்கி, நான் இருந்த புதரைப் பார்த்து நின்று, ஒன்றுக்குப் போய்விட்டு, "என்ன யோகராஜ், இங்கன?" என்றார். "முயல் ஒன்னு ஓடுச்சுண்ணே" என்றேன். "ஈரமாயிட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். முயலைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா, தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பதினேழாவது வசவு எங்கள் ஊர்ச் சரக்கே அல்ல, வட இங்கிலாந்தில் எவளோ ஒரு கிழவி சொன்னது, அச்சுக்கோர்க்கையில் இடம் மாறிவிட்டது என்று உங்கள் லெட்டர்பேடில் எழுதி, ரப்பர் ஸ்டாம்பு வைத்து, வியாழக்கிழமைக்குள் கூரியரில் அண்ணாச்சிக்கு அனுப்புங்கள். அவர் நம்புவார். உரசுகிற தீக்குச்சியை முதலில் விற்றதே அந்தப் பக்கத்தில்தான் என்று உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. அந்தக் கிழவி செத்துப்போய்விட்டாள் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

தங்கள் பத்திரிகை நீடூழி நடக்கட்டும், எங்கள் பெயர் இல்லாமல். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

பயத்துடன்,
யோ. யோகராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். கிழவி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"வெள்ளக்காரி சொன்னாளா? பெட்டிக்குள்ள குச்சி பத்தி வெந்தது அவ கையா? மருந்துக்குக் காசு கேட்டு நான் கையப் பொத்திட்டு நிக்கேன், 'பேனா மை ஊத்து, சரியாப் போவும், போயி குச்சிய அட'ன்னாரே அண்ணாச்சி, அவகிட்டயா சொன்னாரு? அன்னைக்கு நான் சொன்ன சொல்லு அது. அதையும் தூக்கி அவளுக்குக் குடுத்துருவியோ?"

"பயமா இல்லையா சித்தி?"

"பயந்தாம்ல. பயந்துக்கிட்டுதான இத்தன வருசமும் அடச்சேன். வெள்ளிக்கிழம நான் ஒத்தையில போயி நிக்கணும்லா, அதுதான் பயம். உங்க ஆசிரியரு பேரு கேட்டு, ஊரு கேட்டு, எல்லாம் கேட்டு வாங்கிக்கிட்டாருல்லா. அன்னைக்கு ஒரு நாளைக்கு இங்கன வந்து, 'ஆமா, நாங்கதான் போட்டோம், அவ சொன்னது நெசம்'னு எம் பக்கத்துல நிக்கச் சொல்லு."

எனவே மேலே கேட்ட லெட்டர்பேடு, ஸ்டாம்பு, கிழவி எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி, ஆபீஸ் வாசல். பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். வருவீர்களா, மாட்டீர்களா?