அப்பாவுக்கு வந்த அல்சர்

கொக்குவில்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா ஞானாம்பிகை அவர்களுக்கு,

தம்பி சிவசுப்பிரமணியம் எழுதிக்கொள்வது. நானும் மகள் தயாளினியும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீங்கள் மூன்று மாதமாக விரதம் என்று கஞ்சியோடு மட்டும் இருப்பதாகப் பண்டத்தரிப்பில் இருந்து வந்தவர்கள் சொன்னார்கள். உங்கள் பக்தியை நினைத்துப் பெருமைப்பட்டேன். போனில் கதைக்கலாம்தான். ஆனால் நான் கத்திச் சொல்வது உங்கள் காதில் விழுவதற்கு முன் சந்திக்கடையில் விழுந்துவிடும். அதனால்தான் கடிதம். வாசித்ததும் அடுப்பில் போடவும்.

விடயம் இதுதான். இரண்டு மாதமாக எனக்குப் புட்டு நெஞ்சில் நிற்கிறது. தண்ணீர் குடித்தால்தான் மெல்ல இறங்கும். தயாளினி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு இளம் டொக்டர் பிள்ளை, சுருட்டு உண்டா, வெற்றிலை உண்டா, சாராயம் உண்டா, மரக்கறி பழம் சாப்பிடுவதுண்டா என்று வரிசையாகக் கேட்டாள். சுருட்டை விட்டுப் பத்து வருடம் என்றேன். தேத்தண்ணி எப்படிக் குடிப்பீர்கள் என்றாள். உங்களுக்குத் தெரியாததா அக்கா, அப்பா, பெரியப்பா, நீங்கள், நான் எல்லாரும் அடுப்பால் கேத்திலை இறக்கிய கையோடு கொதிக்கக் கொதிக்கக் குடித்த ஆட்கள். ஆறின தேத்தண்ணியை அப்பா மாட்டுக்கு ஊற்றச் சொல்வார். இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் பெருமைப்படவில்லை. குடும்பத்தில் யாருக்காவது உணவுக் குழாயில் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டாள்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அதுதான் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்தில் நின்ற நேர்ஸைக் கண்டேன். றொசாந்தி. தயாளினிக்குப் பேசியிருக்கும் நீர்வேலி மாப்பிள்ளை கஜீபனின் ஒன்றுவிட்ட அக்கா. பரம்பரை நோய் வருத்தம் என்று அங்கே தெரிந்தால் சம்பந்தம் என்னாவது? நாற்பது வருடத்துக்கு முன், உங்கள் கல்யாணப் பேச்சின்போது நீங்கள் சொல்லித் தந்தபடியே, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அல்சர் என்றேன். இரண்டு பேருக்குமா என்றாள் டொக்டர். இரண்டு பேருக்கும் என்றேன்.

தொண்டைக்குள்ளால் கமரா விட்டுப் பார்க்க நாள் தந்தார்கள். அதுவரை தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடிக்கச் சொன்னாள். அது ஆற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. கோப்பையை முன்னால் வைத்துவிட்டு ஆவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துப் பாதையில் ரயில் போகும்போது, ஆவியோடு மதிலும் சேர்ந்து மெல்ல அசைவது போலிருக்கும். அந்த ஆவிக்குள்ளால் அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு ஈரக் காலோடு வருவார். ஒன்றும் கதைக்க மாட்டார். எனக்கு அழுகை வரும். பிறகு எடுத்துக் குடித்தால் பச்சைத் தண்ணீர்.

புதன்கிழமை கமரா விட்டார்கள். ஊசி போட்டதும் கட்டில் மிதந்து, ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டி, வாழை இலைகளுக்கு மேலால் மெல்லப் போனது. கீழே அப்பா கேத்திலோடு நின்றார். “என்ரை வருத்தத்தை ஏன் தம்பி ஒளிச்சனீ?” என்று கேட்டார். அவருக்கு ஒளிக்க முடியுமா? ஆதியோடந்தமாகச் சொன்னேன். கண் விழித்தபோது கமராவை எடுத்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. டொக்டர் எழுதிக்கொண்டிருந்தாள். றொசாந்தி என் வாயைத் துடைத்துவிட்டு, “ஐயா, மயக்கத்திலை எல்லாத்தையும் சொல்லிப்போட்டியள்” என்றாள்.

டொக்டர் கோபிக்கவில்லை. “இரத்தத்தாலையும் கொஞ்சம் வரலாம், ஐயா. பழக்கத்தாலைதான் கூடுதலா வாறது. ஒரு வீட்டிலை எல்லாருக்கும் ஒரே கேத்தில்தானே,” என்றாள். சின்னத் துண்டு சதை எடுத்திருக்கிறார்களாம், முடிவு வருகிற புதன். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். ஒரு அக்கா, விரதத்தில் இருக்கிறா, நல்ல சுகம் என்றேன்.

எனக்கு முடிவைப் பற்றிப் பயம்தான். அதைவிடப் பயம் தயாளினியின் கல்யாணம் நின்றுவிடுமோ என்பது. ஆகவே நீங்கள் உடனே வந்து மாப்பிள்ளையின் தாய் பராசக்தியிடம் சொல்ல வேண்டியது: அப்பா பனையால் விழுந்தவர், பெரியப்பாவைப் பாம்பு கடித்தது, தம்பி மயக்கத்தில் சொன்னது ஏதோ நாடகக் கதை. யாருக்குப் பனை, யாருக்குப் பாம்பு என்பதை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.

நல்லூர்க் கந்தன் உங்களையும் அத்தானையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும் தம்பி,
சிவசுப்பிரமணியம்

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடும்போது பராசக்தி வாழைக்குலையோடு வந்து நின்றா. சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறா என்று நினைத்து, அவ கதிரையில் இருக்க முன்னரே எல்லாவற்றையும் நானே கொட்டிவிட்டேன். அவவுக்கு ஒன்றும் தெரியாது. றொசாந்தி ஆஸ்பத்திரிக் கதையை வெளியில் கொண்டுபோகிற பிள்ளை இல்லையாம். இவ வந்தது கல்யாணத்துக்கு நாள் வைக்க.

பராசக்தி கதிரையில் இருந்தா. தயாளினி வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு மெல்லச் சொன்னா: “எங்கடை அவருக்கும் அல்சர் எண்டுதான் ஊருக்குச் சொன்னனாங்கள். அண்டு தொட்டு நான் ஆறவிட்டுத்தான் குடிக்கிறனான்.” இரண்டு பேரும் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆவணியில் நாள் வைத்தாயிற்று.

ஆகவே பனையும் வேண்டாம், பாம்பும் வேண்டாம். கடிதத்தை அடுப்பிலும் போட வேண்டாம், கையோடு கொண்டுவாருங்கள். புதன்கிழமை உங்களுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்கிறேன். அக்கா, மூன்று மாதமாக எந்தச் சாமிக்கு விரதம்? எனக்காவது உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்குப் புட்டு இறங்குகிறதா?