டார்ப்பன் பிடித்த ஈஸ்வரமூர்த்தி

மனிதர்களில் பெருமீன்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேச்சு வீட்டுக் கடன் வட்டியில் தொடங்கினாலும், பிள்ளைகளின் செலக்டிவ் ஸ்கூல் பரீட்சையில் தொடங்கினாலும், யாரோ ஒருவருடைய மூட்டுவலியில் தொடங்கினாலும், அதை மெல்லக் கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குக் கொண்டுபோய், இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டிவிட்டுத்தான் ஓய்வார். விரித்த கைகளுக்கு நடுவே ஒரு மீன். கண்ணுக்குத் தெரியாது. நம்ப வேண்டியது நம் பொறுப்பு.

சிட்னியில் செவன் ஹில்ஸ் பகுதியில் குடியிருக்கும் ஈஸ்வரமூர்த்தி இந்த இனத்தில் கலப்பில்லாதவர். அவருடைய மீனுக்குப் பெயர் டார்ப்பன். ஆளுயரம் வளரும், வெள்ளித் தட்டுகளை அடுக்கினாற்போல் செதில், தூண்டிலில் மாட்டினால் தண்ணீரை விட்டு எகிறிக் குதிக்கும். சிட்னிப் பக்கம் அப்படியொரு பூதம் இல்லை என்பது அவருக்குப் பெரிய வசதி. ஆபீஸ் மாநாட்டுக்காக மனைவி தாட்சாயினியோடு ஃபுளோரிடா போனவர், கரையோரக் கடலில் படகு அமர்த்திப் பிடித்து, அந்த ஊர் வழக்கப்படி திரும்பக் கடலிலேயே விட்டாராம். ஊர் திரும்பியபோது அந்த மீன் அவர் இடுப்பளவு இருந்தது. தீபாவளிக்குத் தோளைத் தொட்டது. பொங்கலுக்குள் அவரையே தாண்டிவிட்டது. பிடித்துத் தின்ற மீன் வளராது. விட்ட மீனுக்குத்தான் வளர்ச்சி.

"கை ரெண்டும் மரத்துப் போச்சு பாஸ்! கேப்டனே வாயப் பொளந்துட்டான்!"

"அக்கா, நீங்களும் படகுல இருந்தீங்களா?" என்று யாராவது கேட்பார்கள்.

"இருந்தேனுங்க," என்பாள் தாட்சாயினி. அவ்வளவுதான்.

உண்மையில் நடந்தது என்ன? படகு நகர்ந்ததுமே ஈஸ்வரமூர்த்திக்குக் குடலைப் புரட்டியது. காலையில் தின்றதையெல்லாம் அவர் கடலுக்குக் காணிக்கை செலுத்திக்கொண்டிருந்தபோது தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. பக்கத்தில் நின்ற தாட்சாயினியின் கையில் அதைத் திணித்தார் கேப்டன். டார்ப்பன் குதித்தது. கேப்டன் கத்திச் சொன்னபடியே அவள் கம்பைத் தாழ்த்தினாள். மீன் விழுந்ததும் மறுபடி இழுத்தாள். தோள் எரிந்தது. உள்ளங்கை கன்றிச் சிவந்தது.

"தூண்டில் நரம்ப அறுத்து விடச் சொல்லு தாட்சா, கரைக்குப் போலாம்!" என்று பின்னாலிருந்து ஒரு முனகல்.

அவள் விடவில்லை. கடைசியில் களைத்துப்போன மீன் படகோரம் வந்து தன் பெரிய கண்ணால் அவளைப் பார்த்தது. யாருக்காகவும் இல்லாமல், எதற்காகவும் இல்லாமல், தான் மட்டுமே செய்த ஒரு காரியம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கேப்டன் கொக்கியைக் கழற்றினார். மீன் போயிற்று. கரையேறியதும் அந்தக் கம்போடு நிமிர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர் யாரென்று நினைக்கிறீர்கள்?

சபையில் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று முதல் தடவை சும்மா இருந்தாள். அதற்கப்புறம் சொன்னால் யார் நம்புவார்கள்?

சென்ற கோடையில் மெரிலேண்ட்ஸ் தருமராசா ஒரு சின்னப் படகு வாங்கினார். "அண்ணை, சனிக்கிழமை பிட்வாட்டருக்கு மீன் பிடிக்கப் போறம். நீங்களும் அக்காவும் வாங்கோ. உங்கட கைராசியப் பாப்பம்!"

தப்பிக்க வழியில்லை. ஈஸ்வரமூர்த்தி குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு புதுத் தொப்பியோடு ஏறினார். தூண்டில் போடுவதைப் பற்றி தருமராசாவுக்கே பாடம் நடத்தினார். பாடம் முடிவதற்குள் ஒரு கிங்ஃபிஷ் கடித்துவிட்டது. ரீல் கிறீச்சிட்டது. நம் வீரர் ஓடுகிற நரம்பை வெறுங்கையால் பிடித்தார், விரலில் வெட்டு விழுந்தது.

"ஐயோ! யாராச்சும் புடிங்க!"

கம்பு தண்ணீருக்குள் போகுமுன் தாட்சாயினி பாய்ந்து பிடித்தாள். அடிக்கட்டையை இடுப்பில் ஊன்றி, உன்னி உயர்த்தி, தாழ்த்தும்போது ரீலைச் சுற்றி, மறுபடி உயர்த்தி, முழங்கை நீள மீனைப் படகோரம் கொண்டுவந்தாள். தருமராசா வலையால் அள்ளினார்.

"அக்கா, இது பழகின கையெல்லோ! எங்க பழகினனீங்கள்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஃபுளோரிடாவுலங்க. அந்த டார்ப்பன் நான் புடிச்சது."

தருமராசா திரும்பிப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி விரலுக்கு பிளாஸ்திரி தேடிக்கொண்டிருந்தார்.

மானம் போயிற்று, மனிதர் இனி மீனைப் பற்றியே பேச மாட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் அறியவில்லை. அடுத்த வாரமே ஒரு பிறந்தநாள் விருந்தில் ஆரம்பித்தார்: "டார்ப்பன என் வொய்ஃப்தான் புடிச்சா பாஸ்! நான் சும்மா பின்னாலிருந்து கோச்சிங் குடுத்தேன்."

தாட்சாயினி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"கோச்சிங்கெல்லாம் இல்லீங்க. இவரு வாந்தி எடுத்துட்டு இருந்தாரு. நான் சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. ஈஸ்வரமூர்த்தி நடுவில் இரண்டு முறை வாய் திறந்தார், இரண்டு முறையும் "அங்கிள், ப்ளீஸ்!" என்று பிள்ளைகள் அடக்கிவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்களே, தனியாளாக நின்று சாதித்ததாக ஒரு கதை? அது நடந்தபோது உண்மையில் தோள் வலித்தது யாருக்கு என்று ஒருமுறை வீட்டில் கேட்டுப் பாருங்கள். விருந்தாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.