அக்காவின் யுத்தகால மோட்டார் சைக்கிளும் என் அரமும்

இரண்டு இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மின்சாரச் சிட்டையில் இருக்கும் மீற்றர் இலக்கத்தை, மாதாமாதம் சுவரில் இருக்கும் மீற்றரோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரே மனிதன் நெடுங்கேணியில் நானாகத்தான் இருப்பேன். (இதுவரை மாறியதில்லை. அடுத்த மாதம் மாறாது என்று யார் சொன்னது?)

இந்த வியாதி சும்மா வரவில்லை. நான் வளர்ந்த காலத்தில், இலக்கம் பொருந்தாதவன் வெயிலில் இருந்தான். இராணுவச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையும் வாகனப் புத்தகமும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் புத்தகத்தில் ஒரு எழுத்து மழையில் ஊறிப்போனதற்காக, பின்னால் தொற்றிக்கொண்டு போன நானும் ஒரு பகல் முழுக்கத் தெருவோரம் குந்தியிருந்தேன். இடப்பெயர்வோடு என் படிப்பு எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டது. இந்தப் பாடம் மட்டும் நிற்கவில்லை.

அக்கா வேறு மாதிரி. அவர் மிட்வைப். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் நிறை பார்த்து, தாய்மாருக்குப் புத்தி சொல்லி, கொடுக்கிற தேநீரைக் குடித்து முடித்ததும், “உங்கட கொட்டிலுக்குள்ள ஒருக்காப் பாக்கலாமோ?” என்று கேட்பார். டெங்கு நுளம்புக் குடம்பி தேடுகிறார் என்று நினைத்துச் சனம் பழைய டயர்களை ஒளித்தது. அவர் தேடியதோ இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஆங்கிலேயப் பட்டாளம் கப்பலில் கொண்டுவந்து, யுத்தம் முடிந்ததும் விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள்களின் துண்டு துணுக்குகளை.

துணுக்காயில் ஒரு வீட்டில் பெற்றோல் தாங்கி மண்ணெண்ணெய்க் கலனாக இருந்தது. இன்னொரு வீட்டில் பட்டாளத்துப் பை மாட்டுகிற இரும்புத் தாங்கியில் கோழி அடைகிடந்தது. (குஞ்சு பொரிக்கும்வரை அக்கா பொறுத்திருந்தார்.) முன்விளக்கின் கோப்பையால் ஒரு அம்மா மாட்டுக்குத் தவிடு அள்ளிக்கொண்டிருந்தார். எஞ்சினோடு சேர்ந்த சட்டம் பரந்தனில் ஒரு பழைய இரும்புக் கடையில், தராசில் ஏறப்போன நேரத்தில் அகப்பட்டது. எல்லாவற்றையும் தன் வீட்டுக் கொட்டிலில் பூட்டி அக்கா ஒரு முழு வண்டியாக்கினார்.

துருப்பிடித்த ஒரு துண்டைத் தடவிப் பார்த்து, இது பட்டாளத்துக்குச் செய்தது, இது கடையில் விற்கச் செய்தது என்று அவர் சொல்லும்போது, கர்ப்பிணியின் வயிற்றில் கைவைத்துப் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்கிற அதே முகம். இலக்கத்துக்கு முன்னால் ஆங்கில ‘டபிள்யூ’ இருந்தால் அது யுத்தகாலத்து வண்டி. கைபிடியில் றப்பருக்குப் பதிலாகக் கன்வஸ் சுற்றியிருந்தால், றப்பருக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு செய்தது. இதையெல்லாம் எங்கே படித்தார் என்று கேட்டால், இங்கிலாந்தில் இருக்கிற நாலைந்து கிழவர்களோடு இரவிரவாகப் போனில் எழுதிச் சண்டை பிடித்துப் படித்தேன் என்பார். நான் கோழித்தீன் கடை வைத்திருக்கிறவன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. கொழும்பில் பழைய வாகனக்காரர்களின் சங்கம் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர்வலம் போகும். அவர்களுடைய பரிசோதகர் நேரில் வந்து பார்த்து, அசல் என்று எழுதிக் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வண்டியும் அதுவரை போனதில்லை. அக்கா அத்தானுக்கும் சொல்லாமல் காக்கிக் காற்சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தார்.

பரிசோதகர் வருகிற நாளன்று பார்த்து அக்காவுக்குக் கிளினிக். மத்தியானம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, படலைவரை போன ஸ்கூட்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தூசியை மட்டும் தட்டு. வேறை ஒண்டிலயும் கைவைக்காத. விளங்குதோ?”

விளங்கியது. தூசியைத்தான் தட்டினேன். தட்டும்போது சட்டத்தின் தலைக்குழாயில் இருந்த இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. அப்படியே குனிந்து எஞ்சினைத் துடைத்தேன். அங்கே வேறு இலக்கம்.

இரண்டையும் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். திருட்டு வண்டி. கொழும்பிலிருந்து வருகிறவர் பார்ப்பார், பொலிசுக்குச் சொல்வார், அக்காவின் அரசாங்க வேலை போகும், அத்தான் சாப்பிடாமல் கிடப்பார். அக்காவுக்குப் போன் எடுத்தேன். கிளினிக்கில் அவர் போனைப் பைக்குள் வைத்துவிடுவார். திரும்பவும் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பரிசோதகரே எனக்கு எடுத்து, வவுனியாவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

லேத் கடைக்கு ஓடினேன். இலக்கம் அடிக்கிற உளிப் பெட்டியும் ஒரு அரமும் இரவல் வாங்கினேன். எஞ்சினின் அந்தப் பகுதி அலுமினியம். எண்பது வருட இலக்கம் அரத்துக்கு ஒரு எதிர்ப்பும் காட்டாமல் மாவாக உதிர்ந்தது. அந்த இடத்தில் சட்டத்து இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். பெருவிரலிலும் இரண்டு அடி விழுந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. வாழ்க்கையில் முதல்தடவை ஒரு ஆபத்தை முன்கூட்டியே தடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்காவும் பரிசோதகரும் ஒன்றாகவே படலைக்கு வந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், அமைதியான மனிதர். கதிரை போட்டும் இருக்காமல் நேரே கொட்டிலுக்குள் போனார். நான் முந்திக்கொண்டேன்.

“சேர், ரெண்டு நம்பரும் ஒண்டுதான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை.”

அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“இது எப்ப அடிச்சது?”

“இண்டைக்குக் காலமைதான் சேர்.” (பெருமையோடு சொன்னேன். அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாதது.)

அக்கா குனிந்து பார்த்தார். எத்தனையோ பேருடைய பிரசவ அலறலுக்கு அசையாத மனுசி, எட்டி மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

பரிசோதகர், நோயாளியின் வீட்டாருக்குச் சொல்கிற குரலில் எனக்கு விளக்கினார். யுத்த அவசரத்தில் தொழிற்சாலையில் சட்டங்கள் ஒரு பக்கம், எஞ்சின்கள் ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டி அனுப்புவார்கள். இந்த வகையில் இரண்டு இலக்கமும் வேறுவேறாக இருப்பதுதான் வழக்கம். ஒன்றாக இருந்தால்தான் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

“அதோட தம்பி, சட்டத்தில கடைசி இலக்கம் ஆறு. நீங்கள் அடிச்சிருக்கிறது ஒன்பது.”

உளியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

“அப்ப சேர், பொருந்தாமல் இருக்கிறதிலயாவது அசல் மாதிரி வந்திருக்கு.”

பரிசோதகருடைய வாயோரம் துடித்தது. ஆனாலும் பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திவிட்டார். அவ்வளவுதான், வண்டி தோற்றுவிட்டது. அக்கா அவருக்கு வழி விடவில்லை.

“எஞ்சின் நம்பரை விடுங்கோ சேர். அது போயிட்டுது. மிச்சத்தைப் பாக்காமல் போகாதேங்கோ.”

பிறகு நடந்ததை நான் ஒரு மூலையில், வீங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அக்கா வண்டியின் தலையில் தொடங்கி வால்வரை போனார். தலைக்குழாயின் ‘டபிள்யூ’, ஒரு கீறலும் படாத இலக்கம். கன்வஸ் கைபிடி. றப்பர் இல்லாத வெறும் இரும்புக் கால்மிதி. விளக்கின் வெளிச்சம் விமானத்துக்குத் தெரியாமல் இருக்கப் போட்ட மூடி. பைத்தாங்கி பூட்டுகிற காது சட்டத்தோடு ஒட்டியே வந்திருப்பது. கோழி வீட்டுத் தாங்கி அந்தத் துளைகளில் நூல் பிடித்ததுபோல் உட்கார்ந்தது. எஞ்சினின் அடியில் கண்ணாடி வைத்துக் காட்டினார். இரண்டு பாதியிலும் சோடி சேர்த்து அடித்த பழைய குறி அப்படியே இருந்தது. (என் அரம் அவ்வளவு தூரம் போயிருக்கவில்லை.) பரிசோதகர் கேள்வி கேட்கக் கேட்க அக்கா பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். வெள்ளைக் காற்சட்டையோடு அந்த மனிதர் மண்ணில் முழந்தாளிட்டதை நான் கண்டேன். பேனை திரும்பவும் வெளியே வந்தது.

அந்த ஆண்டு ஊர்வலத்தில் அக்கா காக்கிக் காற்சட்டையோடு போனார். அத்தான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வண்டிக்குக் கிடைத்த சான்றிதழைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறார்கள். வருகிற சனத்துக்கெல்லாம் அக்காவின் மகள் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். நான் இருந்தால் இன்னும் சத்தமாக. போனமாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் வாசித்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறி, அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

அந்தச் சான்றிதழில் இப்படி இருக்கிறது: சட்டம், அசல். உதிரிப்பாகங்கள், அசல். எஞ்சின் இலக்கம், உரிமையாளரின் தம்பியால் அழிக்கப்பட்டது.